ஏழரை மணி இன்ஸ்பெக்டர்

பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் வாயாடி எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஷாட் முடிந்ததும் அந்த பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்காருங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்?

போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். என் போன் உடைந்துவிட்டது. புதிது இப்போதைக்கு வேண்டாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவருக்கு ஒரு கடிதம் எழுதினால் ஒன்றும் குறைந்துவிட மாட்டேன்.

இங்கே மணி ஏழரை ஆகிவிட்டால் என் மாமியாரை யாரும் அசைக்க முடியாது. பதினான்கு வருடமாக உங்கள் சீரியலில் ஒரு நாள் தவறவிட்டதில்லையாம். என்னைப் பெண் கேட்டபோது, "இன்ஸ்பெக்டர் வளர்த்த பொண்ணா? அப்ப விசாரிக்கவே வேணாம்" என்று சொன்னவர் அல்லவா? நடிப்புத்தான் அத்தை என்று சொன்னால், "எனக்குத் தெரியாதாடி? ஆனா அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறார். அத்தைக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. காது மட்டும் உங்கள் வசனத்துக்காகவே தீட்டி வைத்திருக்கிறார்.

போன வாரம் ஒரு பெண் கையில் கட்டோடு ஸ்டேஷனுக்கு வந்தாளே, அவள் புகாரை நீங்கள் எழுதிக்கொள்ளவே இல்லை. "குடும்பம்னா நாலும் இருக்கும். பொறுமையா இரும்மா, எல்லாம் சரியாயிடும்" என்று தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். அத்தை கைதட்டினார். என் வீட்டுக்காரரும் "பாத்தியா, உங்க மாமாவே சொல்லிட்டார்" என்று சிரித்தார். அன்றிலிருந்து தினம் ஒரு தடவையாவது அந்த வசனத்தை எனக்குச் சொல்லிக் காட்டுகிறார்.

இன்ஸ்பெக்டர் அந்தப் புகாரை எழுதிக்கொண்டிருக்கலாமோ மாமா? சும்மா தோன்றியது, கேட்டேன்.

உங்கள்
வாயாடி

பி.கு.: மாமாவுக்கு வணக்கம். இவள் எழுதியதைப் படித்தேன். போன் தானாக உடையவில்லை, கவனமில்லாமல் போட்டு உடைத்தாள். மற்றபடி எல்லாம் சரி. — மாப்பிள்ளை.

பிப்ரவரி 12

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருடம்! இன்னமும் கோழி கிளறிய மாதிரிதான் எழுதுகிறாய். நான் நலம். முழங்கால் அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். சம்பந்தியம்மா கண்ணுக்கு நல்ல டாக்டராகக் காட்டுங்கள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அந்தக் காட்சிக்குப் பிறகு இதுவரை எழுபது பேர் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். ஒரு ரகசியம் சொல்லட்டுமா? அந்த வசனம் கதாசிரியர் எழுதியதே இல்லை. அன்றைக்கு எபிசோடு பத்து நொடி குறைந்தது. "சார், ஏதாவது பேசி நிரப்புங்க" என்றார் டைரக்டர். வாயில் வந்ததைச் சொன்னேன். புகாரை எழுதுவதாக வைத்தால் அதற்குத் தனியாக ஒரு காட்சி எடுக்க வேண்டுமே! பதினான்கு வருடத்தில் மூன்று தடவை குண்டடி பட்டு, ஒரு தடவை ஞாபகம் மறந்து, இரண்டு தடவை மாற்றலாகிப் போய்த் திரும்பி வந்தவன் நான். எனக்குத் தெரியாத போலீஸ் வேலையா?

மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு போன் வாங்கிக்கொள். உன் வாயைக் கேட்காமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

அன்புடன்
மாமா

மார்ச் 6

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் நலம்தானே? பதில் தாமதமாகிவிட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு பிசகிவிட்டது. இடது கைதான். இருந்தாலும் கொஞ்ச நாள் எதிலும் மனம் போகவில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை அத்தையைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். சொட்டு மருந்து விட்டால் அவருக்கு மூன்று மணி நேரம் ஒன்றும் தெரியாது, கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். வீட்டை விட்டு நான் வெளியே போவது அந்த ஒரு நாள்தான். அந்த வாசலில் வெயில் நன்றாக இருக்கிறது.

சீரியலைப் பற்றி இன்னொரு சந்தேகம். அந்தக் கட்டுப்போட்ட பெண்ணின் சர்டிஃபிகேட், அடையாள அட்டை எல்லாவற்றையும் வீட்டில் யாராவது பூட்டி வைத்துக்கொண்டால், வெறுங்கையோடு போனால், ஸ்டேஷனில் அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா? கதைக்காகத்தான் கேட்கிறேன்.

வாயாடி

பி.கு.: குளியலறை வழுக்கல்தான். டாக்டர் தேவைப்படவில்லை. சீரியல் கேள்விகளைக் கேட்டு உங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். — மாப்பிள்ளை.

மார்ச் 20

அன்புள்ள வாயாடிக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்ற என்னை மாப்பிள்ளை நன்றாகக் கவனித்துக்கொண்டார். அவருக்கு என் நன்றியைச் சொல். சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். சாதாரணச் சட்டையில் வந்துவிட்டேன் என்று அவருக்குத்தான் எத்தனை வருத்தம்! நான் உட்காரும்வரை அவர் உட்காரவே இல்லை.

நீ காபி கொண்டுவந்து வைத்தாய். நான் கேட்டதற்கெல்லாம் மாப்பிள்ளைதான் பதில் சொன்னார். நீ இரண்டே தடவை "நல்லா இருக்கேன் மாமா" என்றாய். அதைக் கேட்டு நிம்மதியாகக் கிளம்பி வந்தேன்.

சீரியல் பற்றிக் கேட்டிருந்தாய். கதாசிரியரைக் கேட்டுச் சொல்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா.

மாமா

மார்ச் 22

மதிப்பிற்குரிய கதாசிரியர் அம்மாவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? உங்கள் இன்ஸ்பெக்டர் எழுதுகிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

என் அக்கா மகளை அவள் புருஷன் அடிக்கிறான். போனைப் பிடுங்கிக்கொண்டான். அவள் எழுதும் கடிதத்தையும் நான் எழுதும் கடிதத்தையும் படிக்கிறான். நேரில் போய்ப் பார்த்தேன். அந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டுவரை ரவிக்கை போட்டுக் கையை மறைத்துக்கொண்டு நின்றாள், நல்லா இருக்கேன் என்றதையும் என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துச் சொன்னாள். நான் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியிருந்தால் நான் கிளம்பிய பிறகு அவள்தான் வாங்கியிருப்பாள். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நமக்கு சல்யூட்டும் பெல்ட்டும் சரிபார்க்க வருகிறாரே ரிட்டையர்டு ஏட்டு, அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "யூனிஃபார்மோட போய் மிரட்டலாம்னு கனவு காணாதீங்க சார், உங்களைத்தான் உள்ள வைப்பாங்க. அந்தப் பொண்ணு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லணும். நாம கதவைத் தட்டி, அவ ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டா, அப்புறம் அவ கதி?" என்றார். ஒரு பெண் அதிகாரியை அழைத்து வருவதாகவும் சொல்லியிருக்கிறார். ஆனால் நாங்கள் வருவது அவளுக்குத் தெரிய வேண்டும். காகிதம் ஒன்றும் இல்லாமலே புகார் கொடுக்கலாம், அவளை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று தெரிய வேண்டும்.

அவன் படிக்காத ஒரே கடிதம் நம் சீரியல்தான்.

மே முதல் புதன்கிழமை அவள் மாமியாரோடு கண் மருத்துவமனைக்கு வருவாள். அதற்கு முன்னால் ஒளிபரப்பாகிற மாதிரி ஒரு காட்சி எழுதுங்கள். அந்தக் கட்டுப்போட்ட பெண் மாமியாரோடு கண் மருத்துவமனைக்கு வருகிறாள். வாசலில் இன்ஸ்பெக்டர் காத்திருக்கிறான். போன தடவை அனுப்பிவிட்டது என் தப்பு என்று அவளிடம் சொல்லி, புகாரை எழுதிக்கொள்கிறான். போன தடவை அனுப்பிவிட்டது உங்கள் கதை இல்லை, என் வாய்க்கொழுப்பு. அந்த வசனத்தைச் சொல்லித்தான் அவளை அங்கே அடக்குகிறார்கள்.

இரண்டு வருடமாக என்னைச் சாகடித்துவிட்டு இளவயசு இன்ஸ்பெக்டரைக் கொண்டுவர வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்கிறார், நான்தான் ஒப்பந்தத்தைக் காட்டித் தடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு காட்சியைக் கொடுங்கள். அடுத்த வாரமே கையெழுத்துப் போட்டுச் செத்துப்போகிறேன்.

உங்கள்
இன்ஸ்பெக்டர்

மார்ச் 29

இன்ஸ்பெக்டருக்கு,

வணக்கம். நான் நலம், என் ரத்த அழுத்தம் உங்களைப் போன்றவர்களால் நலமில்லை.

பேசி முடித்தாயிற்று. நீங்கள் சாவதற்குத் தயாரிப்பாளர் இத்தனை சந்தோஷப்படுவார் என்று நானே எதிர்பார்க்கவில்லை. நாம் ஐந்து வாரம் முன்கூட்டியே எடுப்பவர்கள். ஆகவே இரண்டு காட்சிகளையும் வருகிற செவ்வாய், புதனில் எடுத்தாக வேண்டும். மருத்துவமனை வாசல் காட்சி மே 4, திங்கட்கிழமை வரும். இன்ஸ்பெக்டர் சுடப்படும் காட்சி மே 18, திங்கட்கிழமை. இந்தத் தடவை பிழைக்க முடியாது, குண்டை நெஞ்சிலேயே வைத்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிபந்தனை. நான் எழுதியதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பத்து நொடி குறைந்தால் குறையட்டும்.

அந்தப் பெண்ணின் மாமியாருக்கும் நீங்கள் ஒரு வசனம் சொல்ல வேண்டும், எழுதியிருக்கிறேன். இது எதற்கு என்று டைரக்டர் கேட்பார். பதில் சொல்லாதீர்கள். தைரியமாக இருங்கள்.

கதாசிரியர்

ஏப்ரல் 15

அன்புள்ள வாயாடிக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? எனக்கு ஒரு குறையும் இல்லை. மே 4, திங்கட்கிழமை எபிசோடைத் தவறவிடாதே. உன் மாமாவுக்குப் பெரிய காட்சி, பத்து நிமிடம் நானே பேசுகிறேன். சம்பந்தியம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். மாப்பிள்ளையும் பார்த்துவிட்டு என் நடிப்பு எப்படி என்று எழுதினால் சந்தோஷப்படுவேன்.

மாமா

ஏப்ரல் 27

மாமாவுக்கு,

நலம். சீரியல் பார்க்கிறேன். இனி அடிக்கடி எழுத முடியாது.

இப்படிக்கு

பி.கு.: பெயர் எழுத மறந்துவிட்டாள். இந்த மாதம் மிகவும் மறதி. வீட்டுவேலை, அம்மாவின் மருந்து, எதிலும் கவனம் இல்லை. சொல்லிச் சொல்லி நான் களைத்துவிட்டேன். நீங்கள் செல்லம் கொடுத்து வளர்த்ததன் பலனை நான் அனுபவிக்கிறேன். இனி நானே உங்களுக்கு எழுதுகிறேன். — மாப்பிள்ளை.

மே 6

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் உடல்நலத்துக்குப் பிரார்த்திக்கிறேன். திங்கட்கிழமை உங்கள் நடிப்பைப் பார்த்தோம். பிரமாதம். கண் மருத்துவமனை வாசல், முதல் புதன்கிழமை, மாமியாரின் சொட்டு மருந்து. எங்கள் வீட்டுக்குள் வந்து எழுதிய மாதிரி இருந்தது. நான் பட்டம் வாங்கியவன் மாமா, அம்மாவைப் போல வாயைப் பிளந்துகொண்டு சீரியல் பார்ப்பவன் இல்லை.

இன்று காலை அம்மாவை நானே மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வாசலில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள், கூட இரண்டு பேர். நான் கையாட்டினேன். உங்கள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மதியம் வீட்டுக்கும் வந்தீர்கள். என் மனைவி ஜன்னலில் நின்று, "எனக்கு ஒரு குறையும் இல்லை, தயவுசெஞ்சு போயிடுங்க" என்று தன் வாயால் சொன்னாள். உங்களோடு வந்த பெண் அதிகாரி அதை எழுதிக்கொண்டு போனார். சட்டப்படி விஷயம் முடிந்தது. இனி இந்த வீட்டுக்குக் கடிதம் வேண்டாம், நீங்களும் வேண்டாம்.

மாப்பிள்ளை

மே 12

இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு,

கும்பிடறேன். நீங்களும் ஸ்டேஷன்ல எல்லாரும் நல்லா இருக்கணும். எனக்குக் கண்ணு தெரியலை, கையும் வீங்கியிருக்கு. அதனால எதிர் வீட்டுத் தையல்காரம்மாவை எழுதச் சொல்லி நான் சொல்றேன். ஒரு வார்த்தையையும் அழகா மாத்தாதேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்.

இது மருமகளோட மாமாவுக்கு இல்லை. அவர் நல்ல மனுஷர்தான், ஆனா அவர் நடிகர். இது இன்ஸ்பெக்டருக்கு.

போன மாசம் எல்லாம் நீங்க சொன்னதைத்தான் அவகிட்டச் சொன்னேன். குடும்பம்னா நாலும் இருக்கும்னு சொன்னேன். நானும் புருஷன்கிட்ட வாங்கினவதான். அடங்கி இருந்ததைப் பெருமையா நெனச்சவ. திங்கக்கிழமை நீங்களே உங்க வாயால, அன்னைக்கு நான் சொன்னது தப்புன்னு சொன்னீங்க. நான் அசந்துபோய் உக்காந்திருந்தேன். அப்புறம் அந்த மாமியார்காரியைப் பாத்து, "அடிச்சவனை நான் பாத்துக்கறேன். ஆனா பாத்துக்கிட்டு நின்னவங்க பேரையும் எழுதத்தான் போறேன்"னு சொன்னீங்க. நேரா என்னைப் பாத்துத்தான் சொன்னீங்க. எனக்குத் தெரியும்.

புதன்கிழமை அவ ஜன்னல்ல நின்னு ஒரு குறையும் இல்லைன்னு சொன்னப்ப, என் மகன் பின்னால குனிஞ்சு உக்காந்து அவ பின்னலைக் கையில சுத்திப் பிடிச்சிருந்தான். கீழ இருந்த உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எனக்குக் கண்ணு மங்கல்தான் ஐயா. அது தெரியாத அளவுக்கு மங்கல் இல்லை. நான் பாத்துக்கிட்டு நின்னேன். நீங்க சொன்னது அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

அவன் வேலைக்குப் போறப்ப சாவியை என்கிட்டக் கொடுத்து, அவளை வெளிய விடாதேம்மான்னு சொல்லிட்டுப் போவான். வெள்ளிக்கிழமை காலைல கதவைத் திறந்தேன். அவ காகிதம் எல்லாம் என் படுக்கைக்கு அடியில பெட்டியிலதான் இருந்துச்சு, அப்படியே கொடுத்தேன். போடி, திரும்பிப் பாக்காம போடின்னு சொன்னேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு நீங்களும் வாங்க அத்தைன்னா. பெத்த மகனை விட்டுட்டு எங்க போவேன்னு சொல்லித் தள்ளிவிட்டேன். அவ உங்ககிட்ட வந்து சேந்துட்டாளா?

சாயங்காலம் அவன் வந்து கேட்டான். தெரியாதுன்னு சொன்னேன். மறுபடி கேட்டான். கை அப்பத்தான் வீங்குச்சு. தினம் கேக்கறான். இன்னும் சொல்லலை.

எனக்கு ரெண்டே ரெண்டு தெரியணும் ஐயா. என் பேரை எழுதிட்டீங்களா? கதவைத் திறந்ததுக்காக அதை அடிச்சுடுவீங்களா? இன்னொண்ணு, அவன் மறுபடி கேட்டா நான் என்ன சொல்லட்டும்? திங்கக்கிழமை ஏழரை மணிக்குச் சொல்லுங்க. நான் டிவி முன்னால உக்காந்திருப்பேன். நீங்க சொல்றபடி செய்யறேன்.

இப்படிக்கு
பாத்துக்கிட்டு நின்னவ

மே 15

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்கள் புகார் கிடைத்தது. உங்கள் மருமகள் பத்திரமாக வந்து சேர்ந்தாள். தன் வாயால் சொல்லிப் புகாரை எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒரு வாரமாக நிறுத்தாமல் பேசிக்கொண்டிருக்கிறாள், எங்களால்தான் தூங்க முடியவில்லை. உங்களை அங்கே விட்டுவிட்டு வந்ததைச் சொல்லும்போது மட்டும் அழுகிறாள்.

உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். சாட்சி என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப் போவதில்லை.

இந்தக் கடிதத்தைத் தையல்காரம்மா வீட்டில் வைத்து உங்களுக்குப் படித்துக் காட்டுபவர் எங்கள் ஏட்டு. கூட இருப்பவர் அன்று ஜன்னலுக்குக் கீழே நின்ற பெண் அதிகாரி. உங்கள் கையை அவரிடம் காட்டுங்கள். நடந்ததை எனக்குச் சொன்ன மாதிரியே அவரிடம் சொல்லுங்கள், ஒரு வார்த்தையையும் அழகாக மாற்ற வேண்டாம். வீட்டுக்குத் திரும்பிப் போகாமல் அப்படியே அவர்களோடு ஜீப்பில் ஏறுங்கள். மருந்துப் பெட்டியை அவர்கள் எடுத்து வருவார்கள். இங்கே உங்களுக்கு ஓர் அறை இருக்கிறது. உங்கள் மகன் கேட்கிற கேள்விக்கு இனி நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. மே 18, திங்கட்கிழமை ஏழரை மணிக்கு டிவி முன்னால் உட்காராதீர்கள். அன்றைக்கு என்னிடமிருந்து உங்களுக்குச் செய்தி எதுவும் இல்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் இதிலேயே சொல்லிவிட்டேன். யார் வந்து என்னைப் பற்றி என்ன சொன்னாலும், டிவியில் பார்த்தேன் என்றே சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இது உத்தரவு.

இன்ஸ்பெக்டர்